நெய்தல் நிலம் தந்த பெருமகனார் ம. சிங்காரவேலர்

ஒரு குலத்திற் பிறந்தார் ஒருவர் பெரும்புகழ் எய்துவாராயின், அவரை எம்மவர் என்று உரிமை பாராட்டுதல் உலகியற்கை. அங்ஙனம் பாராட்டுதல் எளிது. அவர் நடந்த நெறியில் ஓரடி நடத்தல் அரிது. சிங்காரவேலர் என்னும் பெருமகனார் நம் மீனவர் குலத்துத் தோன்றியவர் என்பதை நம் சங்கத்தார் அனைவரும் அறிவர். அவர் பிறந்த நாளும் மறைந்த நாளும் பிப்ரவரித் திங்களிலேயே அமைந்தமையின், அத்திங்களில் அவர் படத்துக்கு மாலை சூட்டி மகிழ்கின்றோம். ஆயின், அவர் யாது செய்தார் என்று இளைஞர் ஒருவர் வினவுவாராயின், விடைகூற வல்லார் நம்முள் மிகச் சிலரே. ஆதலின் அவர்தம் வாழ்க்கையை, சிறப்பாக ஏழை மக்கள்மீது அரசின் தடியும் துப்பாக்கியும் ஓங்கப்பட்ட ஞான்று அவர் எவ்விடத்து நின்றார் என்பதை, இக்கட்டுரைக்கண் சுருங்க உரைக்கப் புகுகின்றேன்.

தோற்றமும் கல்வியும்

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னைக் கடற்கரையை அடுத்த அயோத்திக்குப்பத்தில் வெங்கடாசலம், வள்ளியம்மை என்பார்க்கு மகவாய்த் தோன்றினார். கடற்றொழிலே குலத்தொழிலாயினும், இவர் குடும்பத்தார் வாணிகத்தாற் செல்வமும் பெற்றிருந்தனர். நம்மவர் பலர் தரிக்கும் செட்டியார் என்னும் பட்டத்தோடு இவரும் முற்காலத்து அழைக்கப்பெற்றார். ஆங்கிலக் கல்வி நம் குப்பங்களில் எட்டாக்கனியாயிருந்த அந்நாளிலே, இவர் மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றுப் பின்னர்ச் சட்டமும் கற்று, 1907ஆம் ஆண்டில் வக்கீற்பட்டம் எய்திச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைத்து வந்தார்.

இவர் கற்ற கல்வி வயிற்றுப் பிழைப்பின் அளவில் நில்லாதது. தம் இல்லத்தே பல்லாயிரம் நூல்களைத் தொகுத்து வைத்து, அறிவியல், மெய்ந்நூல், பொருணூல் எனத் துறைதோறும் இடையறாது கற்றார். பௌத்த நெறியில் ஈடுபாடு கொண்டு, பேராசிரியர் இலட்சுமி நரசு முதலாய அறிஞரோடு கூடி, மகாபோதி சங்கத்தின் பணிகளைச் சென்னையில் நடத்தினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தல் அறிவுக்கு ஒவ்வாது என்னும் கொள்கை இவர்க்குப் பின்னாளில் வந்து ஒட்டிய ஒன்றன்று. இளமை தொட்டே வேரூன்றியது. இதனை ஈண்டு வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

ஆலைத் தொழிலாளர் துயர்

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூரை அடுத்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்த நெசவாளர் பொருட்டுச் செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு என்பார் தொடங்க, பி. பி. வாடியா தலைமை ஏற்க, திரு. வி. கலியாணசுந்தரனார் துணை நின்றார். சிங்காரவேலரும் அத்தொழிலாளரோடு உறவு பூண்டார். விடியற்காலையில் ஆலைக்குட் புகுந்து இருள் சூழ வெளிவரும் அம்மக்களின் கோரிக்கை மிகப் பெரிதன்று: உணவுக்குச் சற்று இடைவேளை, உயிர் வாழ்தற்கேற்ற கூலி, மேலதிகாரிகளின் அடியும் வசவும் இன்றி வேலை செய்யும் உரிமை என்பனவே.

1920ஆம் ஆண்டின் இறுதியில் ஆலையார் கதவடைத்தனர். திசம்பர்த் திங்களில் ஆலையைச் சூழ்ந்து நின்ற தொழிலாளர்மீது போலீசார் துப்பாக்கி கொண்டு சுட, இருவர் மாண்டனர். மாண்டவர்பொருட்டு நீதி கிடைத்ததோவெனின், இல்லை. மாறாக, தொழிலாளர்க்குத் துணைநின்ற வாடியாவின்மீதே ஆலையார் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரை ஒன்றுகூட்டுதலே குற்றம் என்று கருதப்பட்ட அந்நிலையே, பின்னர் 1926ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்படுதற்கு ஒரு காரணமாயிற்று. இன்று நம் சுற்றுப்புறங்களில் எத்தொழிற்சங்கம் பதிவு பெற்று இயங்கினும், அதன் அடியில் அவ்விருவர் குருதி கிடக்கின்றது என்று அறிதல் வேண்டும்.

பிளவும் அதன் பயனும்

அடுத்த 1921ஆம் ஆண்டில் நிகழ்ந்ததோ இன்னும் கொடிது. அவ்வாண்டின் நடுவில் அவ்வாலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. இம்முறை தொழிலாளர் ஒருமித்து நிற்கவில்லை. ஆதிதிராவிட வகுப்பினர் பலர் வேலைக்குச் சென்றனர். ஏனை இந்துக்களும் முகம்மதியரும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடர்க்கும் காரணம் இல்லாமலில்லை. சேமிப்பென்று ஒரு காசும் இல்லாதவர் பலமாதம் பட்டினி கிடத்தல் எங்ஙனம்? அன்றியும், நேற்றுவரை தம்மைத் தெருவிலும் கிணற்றிலும் விலக்கி வைத்தவர் இன்று ஒற்றுமை பேசுதலை அவர் ஐயுற்றதில் வியப்பென்னை? பரங்கிமலையிற் பிறந்து அவ்வகுப்பினர்க்குத் தலைவராய் விளங்கிய எம். சி. ராஜா தம் மக்கள் நலனையே முன்வைத்து நின்றார். வகுப்புச் சண்டை மூண்டு, புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டுத் திங்கள் முதலாகப் போலீசார் மும்முறை சுட்டனர் என்று வரலாறு கூறும். உயிர்கள் பல மாண்டன. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தார் பலர் வகுப்புக் கலகம் என்னும் பெயரால் மறந்துவிட்டனர். ஆயின் உற்று நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். ஒன்றாய் நின்ற கூட்டத்தின்மீது துப்பாக்கி நீட்டுதற்கு அரசு அஞ்சும். நாடெங்கும் கேள்வி எழும். இரண்டாய்ப் பிரிந்த கூட்டத்தின்மீதோ அச்சமின்றி நீட்டும். ஏனெனில், ஒரு பாதி சுடப்படுங்கால் மறு பாதி வாளாவிருக்கும். ஒரோவழி மகிழவும் செய்யும். பின்னாளிற் சிங்காரவேலர் தாம் அமைத்த எவ்வமைப்பிலும் சாதிப்பெயர் தலைகாட்ட இடங்கொடாமைக்கு, அவர்தம் பௌத்தக் கல்வி ஒரு காரணமாயின், அக்காலத்துச் சென்னை கண்ட இப்பிளவு மற்றொரு காரணமாகும் என்பது என் துணிபு.

அங்கி துறந்தது

அதே 1921ஆம் ஆண்டில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று, சிங்காரவேலர் தம் வக்கீற்றொழிலைத் துறந்தார். வழக்குமன்றத்து அங்கியை வெளிப்படையாகத் தீயிலிட்டு எரித்தார். அப்பொழுது அவர்க்கு வயது அறுபத்தொன்று. பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் போராட்டத்துட் புகுந்தார். 1922ஆம் ஆண்டு சனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபொழுது, வரவேற்பைப் புறக்கணித்துக் கடையடைப்பு நிகழ்த்துமாறு மக்களைத் திரட்டியவருள் இவர் முன்னின்றார். படையும் போலீசும் தெருக்களில் நின்ற அந்நாளிலும் சென்னை நகரம் பெரும்பாலும் மூடிக்கிடந்தது.

அவ்வாண்டின் இறுதியிற் கயையில் கூடிய காங்கிரசு மகாசபைக்குச் சென்றார். ஆங்குத் தொழிலாளரையும் உழவரையும் புறத்தே நிறுத்திப் பெறும் விடுதலை விடுதலையாகாது என்னும் பொருள்பட எடுத்துரைத்துத் தம்மைப் பொதுவுடைமையர் என்று அச்சமின்றி அறிவித்தார். அவ்வாறு அறிவித்தலே சிறைக்கு வழி என்று கருதப்பட்ட காலம் அது.

கடற்கரையில் மே நாள்

1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையில் ஒன்றும், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்றுமாகக் கூட்டங்கள் இரண்டு நடைபெற்றன. இந்தியாவில் முதன்முதல் மே நாள் கொண்டாடப்பட்டது இதுவே என்பர். அன்றே இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி என்னும் அமைப்பையும் தொடங்கினார். இன்று மெரினாவிற் காணப்படும் உழைப்பாளர் சிலை 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அச்சிலை எழுவதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, வலை உலரும் அதே மணற்பரப்பில், நம் குலத்து முதியவர் ஒருவர் உலகத் தொழிலாளரை ஓர் இனமாகப் பேசினார் என்பதை நம் பிள்ளைகட்குக் கூறுதல் வேண்டும்.

அரசு வாளாவிருக்கவில்லை. 1924ஆம் ஆண்டிற் கான்பூர்ச் சதிவழக்கு என்று பெயரிட்டு, நாட்டின் பல பகுதிகளில் இருந்த பொதுவுடைமையரைக் கைதுசெய்தபொழுது, சிங்காரவேலர் பெயரையும் சேர்த்தது. நோயாளராய்க் கிடந்த அவரை இல்லத்தே கைதுசெய்து, பின்னர்ப் பிணையில் விட்டு, இறுதியில் அவர்மீதுள்ள வழக்கைக் கைவிட்டது. இவ்வச்சுறுத்தல் அவரைச் சிறிதும் அசைக்கவில்லை. 1925ஆம் ஆண்டு திசம்பரில் அதே கான்பூரிற் கூடிய முதற் பொதுவுடைமை மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். எந்நகரின் பெயரால் தம்மேல் வழக்குத் தொடுத்தனரோ, அந்நகரிலேயே தலைவராய்ச் சென்று அமர்ந்த துணிவு எண்ணி மகிழற்பாலது.

இரயில்வே வேலைநிறுத்தம்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய இடங்களிற் குடியேறி வாழும் நம் சங்கத்தார் நாடோறும் ஏறிச் செல்லும் இருப்புப்பாதை, முன்னாளில் தென்னிந்திய இரயில்வே என்னும் ஆங்கிலக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அதற்கு மூன்றாண்டு முன்னர், இதே பாதையை உள்ளிட்ட இருப்புப்பாதைகளை உழைப்பாற் காத்த தொழிலாளர்க்குப் பெருந்துன்பம் விளைந்தது. நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த பணிமனைகளைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றக் கருதிய கம்பெனியார், அதனை வாய்ப்பாகக் கொண்டு ஆயிரக்கணக்கானோரை வேலையினின்று நீக்கத் துணிந்தனர். எஞ்சுவோரைத் தேர்ந்தெடுத்தற்குத் தொழிற்றேர்வு ஒன்றும் வகுத்தனர். பல்லாண்டு உழைத்துக் கைகள் காய்த்துப்போனவரை மீண்டும் தேர்வுக்கு நிறுத்துதல் யாங்ஙனம் நியாயமாகும்?

1928ஆம் ஆண்டு சூலைத் திங்களின் பிற்பகுதியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்கார் என்பாரும் அதனை முன்னின்று நடத்தினர். சென்னை முதல் தூத்துக்குடி ஈறாக வண்டிகள் தடைப்பட்டன. சில இடங்களில் தொழிலாளர் தண்டவாளத்தின் குறுக்கே படுத்து மறித்தனர். அரசு கூட்டங்களைத் தடுத்தது. பாதைநெடுகப் போலீசாரை நிறுத்தியது. தடியடியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். ஏறத்தாழப் பத்து நாளில் வேலைநிறுத்தம் முடிவுற்றது. தொழிலாளர் தோற்றனர் என்பதை மறைத்தலில் பயனில்லை. பலர் வேலையை இழந்து தெருவில் நின்றனர்.

தோல்விக்குப் பின்னரே அரசின் சினம் முழுவதும் வெளிப்பட்டது. சுட்டவரைக் கேட்பார் இல்லை. சுடப்பட்ட கூட்டத்தைத் திரட்டியவர்மீதே சதிவழக்குத் தொடரப்பட்டது. அறுபத்தெட்டு வயதினராகிய சிங்காரவேலர்க்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பெற்று, 1930ஆம் ஆண்டில் விடுதலை எய்தினார். 1920ஆம் ஆண்டில் வாடியாவுக்கு நேர்ந்ததும் 1928ஆம் ஆண்டிற் சிங்காரவேலர்க்கு நேர்ந்ததும் ஒன்றே என்பதை நோக்குக. முதலிற் கூட்டத்தைப் பிரித்தல், பின்னர்க் கூடுதலைத் தடுத்தல், பின்னர்ச் சுடுதல், இறுதியில் மாண்டவர் பக்கத்தாரையே குற்றவாளிகளாக்குதல் என்னும் நால்வகை முறையே அரசு கையாண்டது.

இறுதிக்காலம்

சிறையினின்று மீண்டபின், உடல் தளர்ந்தும் உள்ளம் தளராராய், ஈ. வெ. இராமசாமிப் பெரியாரின் குடி அரசு இதழில் அறிவியலும் சமதர்மமும் பற்றிக் கட்டுரைகள் பல வரைந்தார். 1932ஆம் ஆண்டின் இறுதியில் ஈரோட்டில் வகுக்கப்பெற்ற சமதர்மத் திட்டத்தில் இவர் கை பெரிது. 1935ஆம் ஆண்டிற் புதுவுலகம் என்னும் இதழைத் தாமே நடத்தினார். கொள்கை வேறுபாடு நேர்ந்தவிடத்துக் காந்தியடிகளையும் மறுத்தார், பெரியாரையும் மறுத்தார், எவரையும் இழித்துரைத்திலர். எண்பத்தைந்தாம் வயதளவில், 1945ஆம் ஆண்டில், அச்சுத் தொழிலாளர் மாநாட்டில் தோன்றிப் பேசினார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் இவ்வுலகு நீத்தார். நாட்டின் விடுதலையைக் காண அவர்க்குக் கிட்டவில்லை. இன்று சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அவர் பெயரால் சிங்காரவேலர் மாளிகை என்று வழங்குகின்றது.

நாம் கொள்ளற்பாலது

சங்கத்து அன்பர்காள்! சிங்காரவேலர் வாழ்க்கையில் ஒன்று நம்மை நாணச் செய்யும். அவர் எவர்பொருட்டுச் சிறை புகுந்தார்? நம் குலத்தார்பொருட்டோ? அன்று. இரயில்வேத் தொழிலாளர்பொருட்டு. எவரொடு உறவு பூண்டு நின்றார்? பெரம்பூர் நெசவாளரொடு. அவருள் மீனவர் எத்துணையர் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நாமோ அவரை நம் குலப்பெருமை என்று கொண்டாடி, அடிபட்டவன் நம்மவனல்லனாயின் கதவைச் சாத்திக்கொள்கின்றோம்.

விடுதலைக்குப் பின்னரும் துப்பாக்கி நம்மைத் தொடாது விட்டதில்லை. 1985ஆம் ஆண்டின் இறுதியில், மெரினாவை அழகுபடுத்துதற்பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபொழுது, எதிர்த்து நின்ற மீனவர்மீது போலீசார் சுட, உயிரிழப்பு நேர்ந்தது. 2017ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், சல்லிக்கட்டு வேண்டி மெரினாவிற் கூடிய இளைஞரைப் போலீசார் கலைத்தபொழுது, அடிக்கு அஞ்சி ஓடிவந்தவர்க்கு அயோத்திக்குப்பம், நடுக்குப்பம் முதலிய ஊரார் அடைக்கலம் தந்தனர். அன்றே நடுக்குப்பத்து மீன்சந்தை எரிந்தது. போலீசாரே தீயிட்டனர் என்று மீன்விற்கும் பெண்டிர் குற்றஞ்சாட்டினர். அப்பெண்டிர், ஓடிவந்த பிள்ளைகள் எச்சாதியர் என்று வினவியா வீட்டுக்குள் விட்டனர்? சிங்காரவேலர் பிறந்த ஊரார் அவர் நெறியை ஏட்டிற் படியாமலே கைக்கொண்டனர் என்பேன்.

2020ஆம் ஆண்டிற் சாத்தான்குளத்தில் வணிகர் ஒருவரும் அவர் மைந்தரும் போலீசார் பிடியிற் பட்ட அடியால் இறந்தனர். நாடே கொதித்து எழுந்தமையாற் போலீசார்மீது கொலைவழக்குத் தொடரப்பட்டது. அங்ஙனம் எவரும் எழாது போன சாவுகள் எத்துணையோ. கேட்பார் உள்ள சாவுக்கு வழக்கு உண்டு; கேட்பாரற்ற சாவுக்கு ஒரு தாளும் இல்லை.

ஆதலின் நம் சங்கத்தார்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். கைது செய்யப்பட்டவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. கைதினை உறவினர்க்கோ நண்பர்க்கோ தெரிவித்தல் வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சான்றுக் கையொப்பம் பெறல் வேண்டும், மருத்துவச் சோதனை செய்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் டி. கே. பாசு வழக்கில் வரையறுத்துள்ளது. காவலில் ஒருவர் இறப்பாராயின் நீதித்துறை நடுவர் விசாரித்தல் வேண்டும் என்பதும் சட்டம். இவற்றை எளிய தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் பஞ்சாயத்தார் கையிற் கொடுத்தல் நம் சங்கத்தால் இயலும். வழக்குரைஞர் இருவர் மூவரை எந்நேரமும் அழைத்தற்கு ஒழுங்கு செய்தலும் இயலும். அவ்வுதவியை மீனவர்க்கு மட்டும் என்று வரையறுத்தல் கூடாது. தாம்பரத்திற் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞனாயினும், ஏரிக்கரையிற் குடிசையிட்ட இருளனாயினும், நம் வாயிலில் வந்து நின்றாற் செய்தல் வேண்டும்.

கடலுக்குச் சென்ற படகொன்று உரிய நேரத்தில் மீளாதாயின், அஃது எவருடையது என்று வினவாமல் ஊரே படகிறக்கித் தேடச் செல்லுதல் நம் முன்னோர் வகுத்த வழக்கு. கடலிற் காக்கும் அவ்வறத்தைக் கரையிலும் காத்தல் வேண்டும் என்பதே சிங்காரவேலர் வாழ்ந்து காட்டியது. வரும் பிப்ரவரியில் அவர் படத்துக்கு மாலை சூட்டுமுன், மேற்கூறிய ஏற்பாட்டினைப் பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானித்தருளுமாறு சங்கத்துப் பெரியோரைப் பணிந்து வேண்டுகின்றேன்.